வரைபடத்தில் இல்லாத வரத்துக்கால்

கண்மாயைத் தூர் வாரியாச்சு, கரையை உசத்தியாச்சு, மடைக்குப் புதுக் கதவும் போட்டாச்சு, ஆனாலும் தண்ணி வரலையே என்று பேசாத ஊர் எங்கள் பக்கம் குறைவு. மழை பெய்யாமல் இல்லை. பெய்த மழை கண்மாய்க்கு வந்து சேர வழி இல்லை. வரத்துக்கால் எங்கேயோ ஓரிடத்தில் மண்மேவிக் கிடக்கும். அல்லது இரண்டு பக்கத்து வயலும் வருஷா வருஷம் ஒரு முழம் நெருங்கி வந்து, கால் இருந்த இடம் வரப்பு மாதிரி ஆகியிருக்கும். அல்லது மனை பிரித்து விற்றவர் அதன் மேலேயே ரோடு போட்டிருப்பார். நாம் மூடாக்குப் போட்டு, பசுந்தாள் மடக்கி உழுது, மண்ணை எவ்வளவு தேற்றினாலும் கண்மாய்ப் பாசன நெல்லுக்குக் கண்மாய் நிரம்பித்தான் ஆகணும்.

ஒரே ஒரு கண்மாய் என்றால் கோளாறு எங்கே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டிச் சொல்லிவிடுவார். ஆனால் நம்ம கண்மாய்கள் தனித்தனி கிடையாது. மேல்கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்ததுக்கு வரும். அது நிரம்பி அதற்கடுத்ததுக்குப் போகும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் ஏராளமானவை இப்படி ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகிற சங்கிலியில் இருப்பவை. சங்கிலி அறுந்த இடம் நம்ம ஊரில் இருக்கணும் என்று அவசியமில்லை. ஐந்து கிலோமீட்டர் மேலே, வேற பஞ்சாயத்தில் இருக்கலாம். அவ்வளவு தூரத்துக்குக் கை காட்டிச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில்தான் திறந்த வரைபடமும், அதை அலசிப் பார்க்கிற ஒரு சின்னக் கணினி நிரலும் எனக்கு உதவுகின்றன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திறந்த வரைபடம் என்று நான் சொல்வது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த தெரு, ஆறு, குளம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வரைந்து சேர்க்கிறார்கள். அலைபேசியில் நாம் வழக்கமாகத் திறக்கிற கம்பெனி வரைபடத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கம்பெனி வரைபடத்தில் படத்தைப் பார்க்கலாம், அடியில் இருக்கிற தரவை அள்ளி எடுத்துட்டுப் போக முடியாது. இதில் தரவே நம் கைக்கு வரும், காசு கிடையாது. எடுத்தவர் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லணும். அந்தத் தரவைத் திருத்தி, கூடுதலாகச் சேர்த்து வெளியிட்டால் அதையும் இதே நிபந்தனையில் மற்றவர்க்குக் கொடுக்கணும். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும் என்று நெல் ஜெயராமன் வைத்த வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த உரிமத்தை விளக்க வேண்டியதே இல்லை.

இந்த வரைபடத்தில் எல்லாப் பொருளும் புள்ளி, கோடு, கோடுகள் சேர்ந்த தொகுப்பு என்ற மூன்றில் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் 'இது இன்னது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கண்மாய் என்றால் மூடிய கோடு, 'இயற்கை: நீர்' என்று சீட்டு. ஓடை, கால்வாய் என்றால் திறந்த கோடு, 'நீர்வழி: ஓடை' அல்லது 'நீர்வழி: கால்வாய்' என்று சீட்டு. சீட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கும். பெயரைத் தமிழிலும் எழுதலாம்.

இப்போது ஒரு உதாரணம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்வார்கள். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம். அவ்வளவு பெரிய கண்மாய் எந்த வரைபடத்திலும் தப்பாது, விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து வரைகிறவரும் அதை வரைந்துவிடுவார். ஆனால் ஒரு சின்னக் கண்மாய்க்கு வரும் ஆறடி அகலக் கால் அவருக்கு எப்படித் தெரியும்? கோடையில் எடுத்த படமென்றால் காய்ந்த கண்மாயே பொட்டல் மாதிரித்தான் இருக்கும். ஆக, திறந்த வரைபடத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. தெரிந்தவர் யாரும் இன்னும் வரையவில்லை என்றுதான் அர்த்தம். வெளியாள் பார்வைக்கு இந்த ரெண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதுதான் ஆபத்து. திட்டம் போடுகிறவரும், மனை வாங்குகிறவரும், ரோடு இழுக்கிறவரும் இன்றைக்கு முதலில் பார்ப்பது ஏதோ ஒரு மின்வரைபடத்தை. அதில் கால் இல்லையென்றால் அவர்கள் மனசிலும் கால் இல்லை.

அதனால் நான் கணினியிடம் கேட்கும் முதல் கேள்வி: இந்த வட்டாரத்தில் எந்தெந்தக் கண்மாய்க்கு வரத்துக்கால் வரையப்படவே இல்லை?

ஒரு கண்மாய்க்கு என்றால் கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஒரு தாலுகாவுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். எண்ணிக்கொண்டே போனால் பாதியில் விட்டுவிடுவோம். ஆறு மாசம் கழித்து மறுபடி முதலிலிருந்து எண்ணணும். பைதான் என்கிற நிரல்மொழியில் நாற்பது, ஐம்பது வரி எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் சில நிமிஷத்தில் பட்டியல் வரும். பைதானும் இலவசம்தான். நம்ம பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் இருப்பதே இந்த மொழிதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படித்த பிள்ளை நிச்சயம் இருக்கும். அரசு கொடுத்த மடிக்கணினியே போதும். அதுவும் இல்லையென்றால் கூகுள் கோலாப் என்ற தளத்தில் உலாவியிலேயே ஓட்டலாம். நிரலை இங்கே அச்சிடவில்லை, காரணம் உண்டு: பைதானில் வரி எங்கே உள்தள்ளித் தொடங்குகிறது என்பதற்கே பொருள் உண்டு. அச்சில் ஒரு இடைவெளி பிசகினாலும் ஓடாது. என்ன செய்யணும் என்று தெளிவாகச் சொன்னால் அந்தப் பிள்ளை ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடும். என்ன செய்யணும் என்பதை விவசாயிதான் சொல்லணும்.

முதலில் வட்டாரத்தை ஒரு பெட்டியாகச் சொல்லணும்: தெற்கு எல்லை, மேற்கு எல்லை, வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, இந்த வரிசையில் நான்கு எண்கள். ராஜசிங்கமங்கலம் பக்கம் என்றால் 9.55, 78.75, 9.75, 79.00 என்று வைத்துப் பார்க்கலாம். ஓவர்பாஸ் என்ற சேவையிடம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிற எல்லா நீர்ப்பரப்பையும் எல்லா நீர்வழியையும் கொடு என்று கேட்டால் கொடுத்துவிடும். அது பொதுச் சொத்து மாதிரி, பலரும் பயன்படுத்துவது. ஆகவே ஒருமுறை வாங்கினதைக் கோப்பாகச் சேமித்து வைத்து வேலை பாருங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் போய்க் கேட்டு நெரிக்க வேண்டாம்.

அடுத்தது அளவு. வந்த தரவு எல்லாம் பாகைக் கணக்கில் இருக்கும். அப்படியே பரப்பளவு கேட்டால் 100 ஏக்கர் கண்மாய்க்கு 0.00003 என்று ஒரு எண் வரும், நமக்கு ஒன்றும் புரியாது. மீட்டர் கணக்குக்கு மாற்றணும். உலகத்தை 6 பாகைக்கு ஒரு பட்டையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டை 78 பாகைத் தீர்க்கரேகை இரண்டாக வெட்டுகிறது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், விழுப்புரம், ராமநாதபுரம் எல்லாம் 44ஆம் பட்டை, அதன் குறியெண் 32644. கோவை, ஈரோடு, தேனி, தென்காசி 43ஆம் பட்டை, குறியெண் 32643. ஜியோபாண்டாஸ் என்ற நிரல்தொகுப்பில் இந்த எண்ணைக் கொடுத்தால் மாற்றித் தந்துவிடும். வருகிற சதுர மீட்டரை 4047ஆல் வகுத்தால் ஏக்கர். அரை ஏக்கருக்குக் கீழே இருக்கிற பண்ணைக்குட்டை, கோயில் தெப்பம் எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவதுதான் சாரம். ஒவ்வொரு கண்மாயைச் சுற்றியும் 60 மீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் போடச் சொல்லுங்கள். கண்மாயை வரைந்தவர் படத்தில் தெரிந்த நீர் விளிம்பை வரைந்திருப்பார், கண்மாயின் முழு எல்லையை இல்லை. அதனால் கால் கண்மாயைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்ற மாதிரி தெரியும். அந்த இடைவெளிக்குத்தான் வளையம். எந்த நீர்வழிக் கோடும் வளையத்தைத் தொடவில்லையென்றால் அந்தக் கண்மாய் பட்டியலில் வரட்டும்.

ஆனால் தொடுகிற கோடெல்லாம் வரத்தா? இல்லை. மடையிலிருந்து வயலுக்குப் போகிற பாசனக்காலும் கண்மாயைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். இதைப் பிரிக்க ஒரு சூட்சுமம் இருக்கு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீர்வழியைத் தண்ணி ஓடுகிற திசையில்தான் வரையணும் என்பது விதி. ஆக, கோட்டின் கடைசிப் புள்ளி வளையத்துக்குள் விழுந்தால் அது வரத்து. முதல் புள்ளி அங்கே இருந்தால் அது போக்கு, மடையோ கலுங்கோ. கண்மாய்க்கு ஊடாகவே போகிற ஓடை ரெண்டுக்கும் பொது. இந்தச் சோதனையைச் சேர்த்ததும் பட்டியல் நீளும். போக்கு மட்டும் உள்ள, வரத்தே இல்லாத கண்மாய்கள் வெளியே வரும்.

எங்கள் பக்கத்துக்கு ஓட்டிப் பார்த்ததில் பெயர் இல்லாத, வரத்து இல்லாத கண்மாய்கள்தான் பக்கம் பக்கமாக வந்தன. தண்ணியே வராத கண்மாய்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். நாம் நடந்து பார்க்க வேண்டிய கண்மாய்களின் பட்டியல் அது.

நடக்கப் போகும் முன்னால், எதை முதலில் பார்ப்பது என்று முடிவு பண்ண இன்னொரு திறந்த தரவு இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1984 முதல் எடுத்த படங்களை அலசி, பூமியில் எந்த இடத்தில் எத்தனை முறை தண்ணி தெரிந்தது என்று 30 மீட்டர் கட்டம் கட்டமாகக் கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறது. 2000க்கு முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்ற ஒப்பீடும் அதில் உண்டு. நம் கண்மாய் எல்லைக்குள் விழுகிற கட்டங்களுக்குச் சராசரி எடுக்கச் சொன்னால், முன்னே தண்ணி நின்று பின்னே நிற்காமல் போனவற்றைப் பட்டியலின் தலைக்குக் கொண்டு வரலாம். கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த நேரம் பூராவும் மேகம், செயற்கைக்கோளுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் அடைத்து நின்றாலோ ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தாலோ, அடியில் தண்ணி இருந்தும் தண்ணி இல்லை என்றே பதிவாகும். கருவேலம் மண்டின வருஷத்தையும் தண்ணி நின்ற வருஷத்தையும் ஊரில் கேட்டு ஒத்துப் பார்த்துக்கொள்ளணும்.

மேடு பள்ளத் தரவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ஓடத்திலிருந்து ராடார் வைத்து எடுத்த உயரக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது, 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரு எண். மலையடிவாரத்தில் ஓடை எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்க்க உதவும். ராமநாதபுரம் மாதிரி தட்டையான சீமையில் அதன் பிழையே நிலத்தின் சரிவை விடப் பெரியது. ராடாருக்குப் பனந்தோப்பும் மேடாகத்தான் தெரியும். உங்கள் காட்டில் சம உயர வரப்புப் போட அதை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஏ-சட்டமோ தண்ணி டியூபோ வைத்துப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

பட்டியலை அலைபேசிக்கு மாற்றுவது எளிது. நிரல் ஒவ்வொரு கண்மாயின் நடுப்புள்ளியையும் ஒரு கோப்பாக எழுதித் தரும். ஓஸ்ம்அண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியில் அதைத் திறந்தால், சிக்னல் இல்லாத காட்டிலும் வழி காட்டும். (பெயரில் ஆர்கானிக் இருப்பதால் நமக்காகச் செய்தது என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் விளம்பரமோ வேவு பார்ப்பதோ இல்லாத செயலி என்பதால் பெயருக்குப் பொருத்தம்தான்.)

கூடவே ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகணும். பழைய நீர்பாய்ச்சி யாராவது இருந்தால் அவர், இல்லையென்றால் மாடு மேய்க்கிறவர். அவங்களுக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. கண்மாயின் வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நடங்கள். அலைபேசியில் தடம் பதிவாகிக்கொண்டே வரட்டும். சிறுபாலம் வருகிற இடத்திலெல்லாம் நின்று ஒரு குறி போடுங்கள், படம் எடுங்கள். கால் அடைபடுகிற இடம் பெரும்பாலும் அதுதான். ரோட்டை உசத்தும்போது குழாயைச் சின்னதாக்கியிருப்பார்கள், அல்லது குழாயின் மட்டம் காலின் மட்டத்தை விட மேலே போயிருக்கும். கால் மறைந்துபோன இடத்தில், முன்னே எந்தப் பக்கம் போச்சு என்று கூட வந்தவர் சொல்வதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இன்றைக்குத் தரையில் இருப்பதை மட்டும் வரையணும். இருந்ததாகச் சொல்வது உங்கள் நோட்டில் இருக்கட்டும், அதற்கு வேற வேலை இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வரையும்போது மூணு விஷயம் கவனிக்கணும். கூகுள் வரைபடத்தைப் பார்த்து நகல் எடுக்கக் கூடாது, அது அவர்கள் உரிமை. வரைவதற்கென்றே அனுமதி பெற்ற பிங் போன்ற படங்கள் திருத்தும் பக்கத்திலேயே இருக்கின்றன. நீங்கள் மேல்நோக்கி நடந்து பதிந்த தடத்தைத் திருப்பி, தண்ணி வருகிற திசையில் வரையுங்கள், இல்லையென்றால் கணினியில் தண்ணி மேட்டுக்கு ஏறும். இரண்டு கோடு சேருகிற இடத்தில் ஒரே புள்ளியைப் பங்கிட்டுக்கொள்ளணும். கண்ணுக்கு ஒட்டின மாதிரி தெரிந்தாலும் புள்ளி பொதுவாக இல்லையென்றால் நிரலுக்கு அது அறுந்த கால்தான். வருஷம் முழுக்க ஓடாது என்பதற்கு ஒரு சீட்டு உண்டு, அதையும் ஒட்டிவிடுங்கள். பட்டாதாரர் பெயர், வீட்டு எல்லை எதையும் போட வேண்டாம். திறந்தது என்றால் எல்லாருக்கும் திறந்ததுதான், மணல் அள்ளுகிறவனுக்கும் சேர்த்து. நல்ல மணல் கிடக்கிற ஓடையில் அதைக் குறிப்பெழுதி விளம்பரம் பண்ணுவது நம்ம வேலை இல்லை.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், கால்கள் வரையப்பட்ட பிறகு இரண்டாவது கேள்வி கேட்கலாம். அதுதான் பெரிய கேள்வி: இந்த இடத்தில் கால் அடைபட்டால் கீழே எத்தனை கண்மாய் பாதிக்கும்? நெட்வொர்க்எக்ஸ் என்ற நிரல்தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. கண்மாய்கள் முடிச்சு, கால்கள் கயிறு என்று அதற்குச் சொல்லிவிட்டால், ஒரு சிறுபாலத்தைக் காட்டி 'இதற்குக் கீழே யாரெல்லாம்' என்று கேட்டால் வரிசையாகச் சொல்லும். ஒவ்வொரு கண்மாயின் ஆயக்கட்டு ஏக்கரையும் பக்கத்தில் எழுதிவைத்தால் கூட்டியும் தரும். ஒரு ஊர் மட்டும் போய் நின்றால் 'உங்க ஊர்த் தகராறு' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிற விஷயம், அந்தப் பட்டியலில் உள்ள அத்தனை ஊரும் சேர்ந்து நின்றால் வேற மாதிரி ஆகும். மேலூர்க்காரர் கலுங்கை உசத்திக் கட்டினதால் கீழூர் காய்கிற பழைய சண்டையும் இதில் வெளியே வரும். நிரல் யார் பக்கமும் பேசாது, அதைத் தீர்ப்பது ஊர்கள் உட்கார்ந்து பேசித்தான்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கிறது என்பது சட்டப்படி ஆதாரம் ஆகாது. நாமே வரைந்ததை நாமே சான்றாகக் காட்டினால் யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. சான்று வருவாய்த்துறைப் பதிவில் இருக்கிறது. நடந்த தடம் எந்தெந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று கிராம வரைபடத்தோடு ஒத்துப் பார்த்து, அந்த எண்களுக்கு 'அ' பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறதா பாருங்கள். புலப்படத்தையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். நீர்பாய்ச்சி 'முன்னே இந்தப் பக்கம் போச்சு' என்று சொல்லி நோட்டில் எழுதினதும், புலப்படத்தில் இருக்கிற இரட்டைக் கோடும் ஒத்துப்போனால், அங்கேதான் கையில் ஆதாரம் கிடைக்கிறது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மனு எழுதும்போது புல எண், பதிவேட்டு வகைப்பாடு, சிறுபாலத்தின் படம், கீழே பாதிக்கப்படும் கண்மாய்களின் பட்டியல் நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை நடக்கிறது. தீர்மானமாகப் போடுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

நடக்கிற காலம் பங்குனி, சித்திரை. கண்மாய் காய்ந்து, பூண்டு புல் கருகி, காலின் தடம் தெளிவாகத் தெரியும். பாம்பும் கருவமுள்ளும் உண்டு, செருப்பு கனமாக இருக்கட்டும். வரைந்ததை ஐப்பசியில் முதல் கனமழை பெய்த மறுநாள் எடுத்துக்கொண்டு இன்னொரு நடை போங்கள். கோட்டின் திசை சரியா, தண்ணி எந்தச் சிறுபாலத்தில் தேங்கி நிற்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்க முடியும். தேங்கின இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து நிரலை மறுபடி ஓட்டினால், அடுத்த கோடைக்கு மண்வெட்டியோடு எங்கே முதலில் இறங்கணும் என்பது தெரிந்துவிடும்.